ஊசிக்கோடு

பின்னறையில் ஏழு ரோல்கள் சுவரில் சாய்ந்து நின்றன. பன்னிரண்டு இருந்தவை. ஐந்து மாதத்தில் ஐந்தை வெட்டித் தீர்த்துவிட்டாள் செக்கிங்கம்மா. இன்னதுக்கு என்று திட்டம் போட்டு வெட்டவில்லை. கை சும்மா இருக்கும்போதெல்லாம் கத்திரியை எடுத்தாள், அவ்வளவுதான்.

பாலியஸ்டர் நூலை மெஷினில் கொடுத்துப் பின்னிய துணி அது. காப்பிக்கொட்டை நிறம், அதில் மஞ்சளாகச் சின்னச் சின்னக் கட்டம். ஒரு காலத்தில் அந்தத் துணியில் காற்சட்டை தைத்துப் போடாத ஆண்பிள்ளையே கிடையாது. கசங்காது. சாயம் போகாது. பூச்சி தொடாது. எலிகூட மோந்து பார்த்துவிட்டு, நமக்கேன் வம்பு என்று ஒதுங்கிப் போய்விடும். போட்டவன் போய்ச் சேர்ந்தாலும் போட்ட துணி போகாது. அப்படி ஒரு சாகாவரம் வாங்கிக்கொண்டு வந்த துணியை என்னதான் செய்வது?

வாசலுக்கு மிதியடி பின்னினாள். கீற்றுக் கீற்றாக நறுக்கி இழுத்துவிட்டால் கயிறு மாதிரித் திரண்டுகொள்ளும். அதைச் சடை போட்டு வட்டமாகச் சுற்றித் தைத்தால் மிதியடி. மிச்சக் கீற்றில் தண்ணீர்க் குழாய்க்கு ஒரு கட்டு, கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு கட்டு. தலையணைக்குள் திணிக்க ஒரு மூட்டைத் துண்டு. ஜன்னலுக்குத் திரை. தரை துடைக்கவும் ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். அது ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட உறிஞ்சாமல், கொட்டிய தண்ணீரை அறை முழுக்க ஊர்வலம் கூட்டிக்கொண்டு போனது. கழுவிக் காயப்போட்டு, அதையும் மிதியடிக்குள் சேர்த்துவிட்டாள்.

அடுப்பிலிருந்து கஞ்சிப் பானையை இறக்கப் பிடிதுணி தைத்ததுதான் உச்சம். பானையைத் தொட்டதும் துணி உருகிப் பாதி பானையில் ஒட்டியது, மீதி அவள் உள்ளங்கையில் ஒட்டியது. இருபத்திரண்டு வருஷம் அதே துணியோடு புழங்கியவளுக்குச் சூடு பட்டால் அது உருகும் என்று தெரியாதா? தெரியும். அன்றைக்குத் தோன்றவில்லை. பானையை நிதானமாக இறக்கி வைத்துவிட்டுத்தான் கையைத் திருப்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து வலித்தது. பக்கத்து வீட்டில் யாருக்கோ வலிப்பது போலத்தான் இருந்தது.

இந்த ஐந்து மாதமாக எல்லாமே அப்படித்தான். புருஷனுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் மரத்துப்போய்விட்டது. இவளுக்கு எந்தப் பக்கம் என்று சொல்ல முடியவில்லை. வேலை எல்லாம் நடந்தது. கஞ்சி கரண்டி கரண்டியாக ஊட்டினாள், துடைத்துவிட்டாள், துவைத்தாள், வந்தவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். யாராவது 'ரொம்பக் கஷ்டம்மா உனக்கு' என்று கண் கலங்கினால், இவள் அவர்களுடைய டீ ஆறிப்போகிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

புருஷனை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். துணிக் கம்பெனியில் பின்னல் மெஷின் மாஸ்டர். வட்டமான பெரிய மெஷின்கள், ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கில் ஊசி. காதை வைத்தே எந்த மெஷினில் எந்தப் பக்கம் நூல் அறுந்தது என்று சொல்லிவிடுவார். இவள் அதே கூரைக்கு அடியில் செக்கிங் மேசையில் நின்றவள். கண்ணாடிப் பலகைக்குக் கீழே விளக்கு எரியும், மேலே துணி ஓடும். ஓட்டை, கறை, கோடு எது கண்ணில் பட்டாலும் சாக்பீஸால் ஒரு குறி. கல்யாணமான பிறகும் கம்பெனியில் அவளை யாரும் மாஸ்டர் பெண்டாட்டி என்று சொல்லவில்லை. செக்கிங்கம்மாதான். கம்பெனி மூடிய பிறகும் தெருவில் அந்தப் பேரே நின்றுவிட்டது. பிள்ளைகள் இல்லை. முன்னறை, பின்னறை, ஒரு சமையல் மூலை, ஒரு கட்டில்.

கட்டிலில் மாஸ்டர். ஆள் வாட்டசாட்டம். நோய் வந்தால் உடம்பு இளைக்கும் என்பார்கள். அவர் விஷயத்தில் அது நடக்கவில்லை. மரத்துப்போன பாதி, நல்ல பாதியைவிட இரண்டு மடங்கு கனத்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரை வலது பக்கம், மல்லாக்க, இடது பக்கம் என்று திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். பகலில் எதிர் வீட்டுக்காரர் கை கொடுப்பார். மற்ற நேரத்தில் இவள் தோளுக்கும் இடுப்புக்கும் அடியில் கை கொடுத்துத் தம் பிடித்துத் தள்ளுவாள். மாஸ்டர் நல்ல காலை மடக்கிக் கட்டிலில் ஊன்றித் தன்னால் ஆனதைத் தள்ளுவார். அப்படியும் பத்தில் மூன்று தடவை உடம்பு அசையாது.

ஒரு புதன்கிழமை நாத்தனார் ஆஸ்பத்திரி நர்ஸம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நாத்தனார் மாஸ்டருக்கு ஒரே தங்கை. வாய் கொஞ்சம் ஜாஸ்தி. மனசு அதற்கேற்ற அளவு நல்லது. நர்ஸம்மா மாஸ்டரின் முதுகைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தாள். இடுப்புக்குக் கீழே ஒரு ரூபாய் அகலத்துக்குப் புண்.

"என்ன விரிச்சிருக்கீங்க இது?"

"கம்பெனித் துணி. நனைஞ்சா அலசிப் போட்ட ஒரு மணி நேரத்துல காஞ்சிடுது. அதான்."

"காஞ்சிடும்மா. ஆனா வேர்வைய வாங்காதில்ல? பிளாஸ்டிக் மேல படுக்க வெச்ச மாதிரி. அதான் தோல் ஊறிப் போயிருக்கு. முதல்ல இத எடுத்துட்டுப் பருத்தித் துணி போடுங்க."

செக்கிங்கம்மா தலையாட்டினாள். அந்த ஒரு ரூபாய்ப் புண் தன் கைவேலை என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்ததே தவிர, எங்கும் சுடவில்லை.

"ரெண்டு மணிக்கு ஒருதரம் திருப்புறீங்களா?"

"திருப்புறேன்."

"தனியாவா?"

பதில் சொல்வதற்குள் நாத்தனார் புகுந்துவிட்டாள். "எங்க தனியா? அண்ணி இருக்கிற இருப்புக்கு ஊதினா பறந்துடுவாங்க. நர்ஸம்மா, நான் ஒளிவு மறைவில்லாம சொல்றேன், இப்படியே போனா ரெண்டு பேரையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போக வேண்டியதுதான். படுக்கையில கிடக்கிறவங்கள பாத்துக்கிற அந்த இல்லத்துல ஒரு கட்டில் காலியா இருக்குன்னு சொன்னீங்களே?"

"இருக்கு. ஆனா வீட்டுல பாத்துக்க முடியாதுன்னு நான் எழுதிக் குடுக்கணும்."

"எழுதிக் குடுங்க."

கட்டிலிலிருந்து சத்தம் வந்தது. மாஸ்டருக்கு வார்த்தைகள் பாதி வாயில்தான் வரும். ஒவ்வொன்றையும் பொறுக்கி எடுத்துத்தான் பேசுவார். "போ மாட்டேன்."

"அண்ணா, அங்க நாலு பேர் இருக்காங்க தூக்க."

"போ மாட்டேன்." நல்ல கை பெண்டாட்டியின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டது. "விட்டுடாதே. அங்க... விட்டுடாதே."

நர்ஸம்மா பெட்டியை மூடினாள். பல வீடு பார்த்தவள். "சரி, ஒண்ணு செய்யலாம். அடுத்த புதன்கிழமை வர்றேன். அம்மா என் கண் முன்னால ஒத்தையா இவரத் திருப்பிக் காட்டட்டும். முடிஞ்சுதுன்னா இங்கயே இருக்கட்டும், நான் ஒண்ணும் சொல்லல. முடியலன்னா எழுதிக் குடுத்துடுவேன். நீங்களும் மனச தேத்திக்கணும் மாஸ்டர். உங்க இதயம் நல்லா இருக்கு, இன்னும் பத்து வருஷம் ஓடும். பத்து வருஷம் இவங்க இடுப்பு ஓடணும்ல?"

பத்து வருஷம் என்ற வார்த்தை செக்கிங்கம்மாவின் காதில் விழுந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் வியாழக்கிழமை. காலையில் மாஸ்டருக்கு உடம்பு துடைத்துவிட வேண்டும். பருத்தி விரிப்பு நனையக்கூடாதே என்று, ஆறாவது ரோலிலிருந்து ஒரு ஆள் நீளத்துக்கு வெட்டி அவருக்கு அடியில் செருகினாள். வட்ட மெஷினில் பின்னிய துணி குழாயாகத்தான் வரும். பிறகு அதை ஓரத்தில் கிழித்துப் பிரித்துத்தான் தையலுக்குக் கொடுப்பார்கள். இந்தப் பன்னிரண்டு ரோலும் அந்தக் கிழிப்பு வரைக்கும் போகாமலே வீட்டுக்கு வந்தவை. எப்போதும் வெட்டியதும் கிழித்துவிடுவாள். அன்றைக்குச் சோம்பல், குழாயாகவே செருகிவிட்டாள்.

துடைத்து முடித்து, துணி சுருக்கமாக இருக்கிறதே என்று மேல் மடிப்பைப் பிடித்து இழுத்தாள். துணியோடு மாஸ்டரும் வந்தார்.

அவள் கையை விட்டுவிட்டாள். மாஸ்டர் கண்ணை விரித்துப் பார்த்தார். மறுபடி இழுத்தாள். மேல் மடிப்பு கீழ் மடிப்பின் மேல் வழுக்க, அவ்வளவு பெரிய உடம்பு ஒரு முழம் நகர்ந்து அவள் பக்கம் வந்து நின்றது. மூச்சு வாங்கவில்லை. இடுப்பு பிடிக்கவில்லை.

"பைப்பு," என்றார் மாஸ்டர்.

"என்ன?"

"பைப்பு... உருளுது. உள்ள உள்ளயே." நல்ல கையால் காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். "இப்ப அந்தப் பக்கம் போ. எட்டிப் பிடி. மெதுவா."

அந்தப் பக்கம் போய் எட்டிப் பிடித்து இழுத்தாள். மாஸ்டர் சமர்த்தாக ஒருக்களித்துக்கொண்டார். அவர் தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்ட மாதிரிச் சத்தம் வந்தது. பயந்து முகத்தைப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். ஐந்து மாதத்தில் முதல் சிரிப்பு; பாதி வாய்ச் சிரிப்பு.

"என் துணி," என்றார்.

அந்த வாரம் முழுவதும் மாஸ்டர் மறுபடியும் மாஸ்டராக இருந்தார். இன்னும் நாலு விரல் நீளமாக வெட்டு, குதிகால் வெளியே உரசுகிறது என்றார். ஓரத்தை மடித்துத் தைக்காதே, தையல் முதுகில் உறுத்தும் என்றார். திருப்பியதும் உருவி எடுத்துவிடு, அடியிலேயே விட்டால் மறுபடி புண் வரும் என்று நர்ஸம்மாவுக்கே பாடம் எடுக்கிற தோரணையில் சொன்னார். எதிர் வீட்டுக்காரர் கை கொடுக்க வந்தபோது, "வேணாம், அவளே... ஒத்தக் கையால" என்று பெருமை அடித்துக்கொண்டார். ஒரு சாயங்காலம் துணியை விரலால் தடவிக்கொண்டே சொன்னார்: "பன்னெண்டு ரோலும்... வீண் இல்ல."

அந்தப் பன்னிரண்டு ரோலைப் பற்றி அவர் வாய் திறந்தது பத்தொன்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், ஐந்தாம் நம்பர் மெஷினில் ஒரே ஒரு ஊசியின் கொக்கி வளைந்துவிட்டது. ஆயிரக்கணக்கில் ஒன்று. ஆனால் ஒரு ஊசி வளைந்தால் போதும், தலையிலிருந்து வால் வரைக்கும் துணியில் ஒரு கோடு விழும். முடி மாதிரிக் கோடு. அன்றைக்கு முதல் ரோலை மாஸ்டரே தோளில் தூக்கிக்கொண்டு செக்கிங் மேசைக்கு வந்தார். மாஸ்டர் ரோல் தூக்கிக்கொண்டு வரும் வழக்கம் கிடையாது. அவள் விளக்கைப் போட்டு ஓட்டினாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எதாவது பாத்தியா?" என்று கேட்டார்.

அவள் பார்த்துவிட்டாள். காப்பிக்கொட்டை நிறத்துக்கு நடுவே கோடு ஓடிக்கொண்டே இருந்தது. ஆனால் அது புது மேனேஜர் வந்த மாதம். எந்த மாஸ்டர் எப்போது மெஷினை நிறுத்துவான், பிடித்துக்கொள்ளலாம் என்று அந்த ஆள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அலைந்தான். ஊசி மாற்றினால் அரை நாள் மெஷின் நிற்கும். முடி மாதிரிக் கோடுதானே, வாங்குகிறவன் கண்ணில் படாது என்று அவள் நினைத்தாள். சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணும் பாக்கல," என்றாள்.

அவர் போய் இன்னும் பதினொன்று ஓட்டினார். பன்னிரண்டும் வாங்கியவனிடமிருந்து திரும்பி வந்தன. மேனேஜர் இரண்டு பேரையும் நிற்க வைத்துக் கேட்டபோது மாஸ்டர் முந்திக்கொண்டார். "அவளுக்குக் கண்வலி சார் அன்னிக்கு. தப்பு என்னோடது." அவள் வேலை தப்பியது. அவரை மாஸ்டர் வேலையிலிருந்து எண்ணெய் போடுகிற வேலைக்கு இறக்கினார்கள். கம்பெனி மூடும் வரைக்கும் எண்ணெய்க் குவளையோடுதான் திரிந்தார். யானைக்கும் அடி சறுக்கும் என்று மற்றவர்கள் சொல்லிக்கொண்டார்கள். கூப்பிடும்போது மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். அது ஒன்றுதான் அவருக்கு மிஞ்சியது. உன் துணியை நீயே எடுத்துக்கொண்டு போ என்று மேனேஜர் சொன்னதும், கைவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து பின்னறையில் வரிசையாக நிறுத்தினார். அதற்குப் பிறகு அந்த அறைக்குள் போகும்போதெல்லாம் அவர் அந்தச் சுவரைப் பார்க்கமாட்டார், அவளும் பார்க்கமாட்டாள். தான் பார்த்தது அவருக்குத் தெரியாது என்று நம்பிக்கொண்டு அவள் குடும்பம் நடத்தினாள்.

அடுத்த புதன்கிழமை வந்தது. வெயில் ஏறாத மந்தமான காலை. கஞ்சி ஊட்டி, வாய் துடைத்து, அவரை மல்லாக்கப் படுக்க வைத்துத் துணியை உருவி எடுத்தாள். மடித்துத் தலைமாட்டில் வைப்பதுதான் வழக்கம். அன்றைக்குத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

நர்ஸம்மா வருவாள். இவள் ஒற்றைக் கையால் இழுத்துக் காட்டுவாள். நாத்தனார் கைதட்டினாலும் தட்டுவாள். அதற்கப்புறம்? திருப்புவது சுலபமாகிவிட்டதே தவிர, இரண்டு மணி நேரம் இரண்டு மணி நேரம்தான். ஐந்து மாதமாக அவள் சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கியதில்லை. பத்து வருஷம் என்ற வார்த்தை காதுக்குள் இன்னும் உட்கார்ந்திருந்தது. இதற்கு முன்னால் 'என்னால் முடியவில்லை' என்று சொல்ல அவளுக்கு ஒரு காரணமாவது இருந்தது. அதையும் இந்தத் துணி பிடுங்கிக்கொண்டுவிட்டது. அவர் போய்விட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. நேராகச் சொல்வதானால் அதுதான். செத்துப் போக வேண்டும் என்றில்லை. வேறு எங்கேயாவது இருக்க வேண்டும். இப்படி நினைத்ததற்கு மனசு திடுக்கிட வேண்டுமே என்று ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். திடுக்கிடவில்லை.

துணியைச் சுருட்டிக் குனிந்து கட்டிலுக்கு அடியில், சுவர் ஓரமாகத் தள்ளினாள். நிமிர்ந்தபோது மாஸ்டர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நர்ஸம்மாவும் நாத்தனாரும் பத்து மணிக்கு வந்தார்கள். புண் ஆறத் தொடங்கியிருந்தது. நர்ஸம்மாவுக்கு ஆச்சரியம். "பரவாயில்லயே, நல்லாத் திருப்பியிருக்கீங்க. யார் கை குடுத்தாங்க?"

"எதிர் வீட்டுக்காரர்."

"சரி, இப்ப நீங்களே திருப்புங்க பாக்கலாம்."

செக்கிங்கம்மா தோளுக்கு அடியில் ஒரு கை, இடுப்புக்கு அடியில் ஒரு கை கொடுத்துத் தம் பிடித்தாள். உடம்பு அசையவில்லை. மறுபடி தள்ளினாள். அப்போதுதான் கவனித்தாள்: எப்போதும் மடக்கி ஊன்றுகிற நல்ல காலை அன்றைக்கு அவர் மடக்கவில்லை. நீட்டி, மரக்கட்டையாக வைத்திருந்தார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் இன்னும் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாரமாகத் தன் துணியைப் பற்றி ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட மனுஷன். இப்போது வாயே திறக்கவில்லை.

மூன்றாவது தடவையும் தள்ளினாள். நர்ஸம்மா போதும் என்று தோளைத் தொட்டாள்.

"மாஸ்டர், நீங்களே சொல்லுங்க. இவங்களால முடியுதா?"

மாஸ்டர் வார்த்தைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். "முடியல," என்றார். "பாவம். அவளால... முடியாது. எழுதிக் குடும்மா. போறேன்."

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இவ்வளவு நாள் அனுப்பு அனுப்பு என்றவள், போகிறேன் என்றதும் தாங்கமாட்டாமல் சமையல் மூலைக்குப் போய் மூக்கைச் சிந்தினாள். நர்ஸம்மா எழுதினாள். வெள்ளிக்கிழமை வண்டி வரும் என்றாள்.

அவர்கள் போன பிறகு வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. தெருவில் யாரோ எதையோ கூவி விற்றுக்கொண்டு போனார்கள். செக்கிங்கம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"கட்டிலுக்கு அடியில நான் வெச்சத நீங்க பாத்தீங்கதானே?"

மாஸ்டர் அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார். நல்ல கண்ணில் கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை.

"நான்... ஒண்ணும் பாக்கல," என்றார்.

அவள் எழுந்திருக்கவில்லை. அதே வார்த்தை. அவள் சொன்ன அதே மாதிரி, சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்ன மாதிரி. அப்படியானால் பத்தொன்பது வருஷமாக அவருக்குத் தெரியும். மேனேஜர் முன்னால் கண்வலி என்று சொன்னபோதே தெரியும். எண்ணெய்க் குவளையைத் தூக்கிக்கொண்டு அவள் மேசையைக் கடந்து போன ஒவ்வொரு நாளும் தெரியும். ஏதாவது பேச வேண்டும் என்று வாயைத் திறந்தாள். "டீ போடட்டுமா?" என்றுதான் வந்தது.

"போடு," என்றார்.

வெள்ளிக்கிழமை வண்டி வந்தது. ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் இறங்கினார்கள், மீசைக்காரர் ஒருவர், ஒல்லியானவர் ஒருவர். அறை குறுகல். ஸ்ட்ரெச்சரைக் கட்டிலோடு ஒட்டி நிறுத்தினால் ஆள் நின்று தூக்க இடமில்லை. மீசைக்காரர் மாஸ்டரின் அக்குளில் கை கொடுத்தார், ஒல்லி காலைப் பிடித்தார்.

"ஒண்ணு, ரெண்டு, ம்ம்!"

மாஸ்டர் பாதி எழும்பி மறுபடி விழுந்தார். மரத்துப்போன தோள் ஒரு பக்கம் இழுபட்டது. "ஆ" என்றார், அதற்கு மேல் சத்தம் போடவில்லை.

"ஐயோ பாத்துப்பா, எங்க அண்ணன் கைய பிச்சுடாதீங்க," என்று நாத்தனார் வாசலிலிருந்து கத்தினாள்.

"கனம்மா, என்ன பண்றது? இன்னொருதரம். ஒண்ணு, ரெண்டு..."

"விடுங்க," என்றாள் செக்கிங்கம்மா.

குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து சுருளை இழுத்தாள். தூசியை ஒரு உதறு உதறினாள். பாதியைச் சுருட்டி அவர் முதுகுக்கு அடியில் செருகி, அந்தப் பக்கம் போய் உருவி விரித்தாள். ஐந்து நொடி வேலை. பிறகு ஸ்ட்ரெச்சருக்கு அந்தப் புறம் சுவரோடு ஒட்டி நின்று, மேல் மடிப்பைப் பிடித்து இரண்டு கையாலும் இழுத்தாள். மாஸ்டர் கட்டிலிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு, தண்ணீரில் மிதந்து வருவது போல வந்து சேர்ந்தார். அவள் துணியை உருவி எடுத்து மடித்தாள்.

மீசைக்காரர், "அட," என்றார்.

நாத்தனார் உள்ளே வந்தாள். துணியைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். "அண்ணி," என்றாள். "இது... எப்பல இருந்து?"

"எட்டு நாளா."

"எட்டு நாளா? அப்ப புதன்கிழமை..." என்று நிறுத்திவிட்டாள். அவள் முகத்தில் ஒன்று மாற்றி ஒன்று வந்து போனது. செக்கிங்கம்மா எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றாள். திட்டட்டும், இரண்டு அறை வேண்டுமானாலும் விடட்டும்.

"கிளப்புங்கப்பா," என்றார் மாஸ்டர். "வெயில் ஏறுது."

நாத்தனார் அண்ணன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் அவள் குரல் வேறு மாதிரி வந்தது. "நான் கூடப் போய் விட்டுட்டு வரேன். நீங்க வர வேணாம். நீங்க தூங்குங்க அண்ணி. முதல்ல போய்த் தூங்குங்க."

வண்டிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. செக்கிங்கம்மா வாசல் மிதியடி மேல் நின்றுகொண்டிருந்தாள். ஒல்லியானவர் திரும்ப ஓடி வந்தார்.

"அம்மா, அந்தத் துணி குடுத்துடுங்க. அங்க எறக்கணும்ல."

கொடுத்தாள்.

"இந்த மாதிரி இன்னும் இருக்குமாம்மா? அங்க இருபது பேர் இருக்காங்க. எங்க ரெண்டு பேருக்கும் இடுப்பே போச்சு."

"இருக்கு," என்றாள். "நாளைக்குக் கொண்டு வரேன்."

வண்டி போனதும் உள்ளே வந்து தரையில் படுத்தாள். பகல் வெளிச்சம் முகத்தில் விழுந்தது. ஜன்னல் திரையை இழுத்துவிடக்கூட எழுந்திருக்கவில்லை. கல்லைத் தூக்கிக் கிணற்றில் போட்ட மாதிரித் தூக்கம்.

திடுக்கென்று கண் விழித்தாள். எழுந்தாள், கட்டிலுக்குப் போனாள், குனிந்து தோள் இருக்கும் இடத்துக்கு அடியில் கை கொடுத்தாள். கையில் விரிப்புதான் இருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். சரியாக இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

கையை எடுக்கத் தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். மெத்தையில் அவர் கிடந்த பள்ளம் இன்னும் மேடாகவில்லை. பிறகு பின்னறைக்குப் போனாள். மூலையில் கடைசியாக நின்ற ரோல்தான் அன்றைக்கு அவர் தோளில் தூக்கிக்கொண்டு வந்தது. அவர் நிறுத்திய வரிசை அவளுக்கு மனப்பாடம். இத்தனை நாள் வெட்டியதில் அதை மட்டும் தொடவில்லை. கட்டிப்பிடித்துத் தூக்கி வந்து கட்டில் மேல் போட்டு உருட்டினாள். தலைமாட்டிலிருந்து கால்மாடு வரைக்கும் காப்பிக்கொட்டை நிறம் விரிந்தது. ஒரு முனையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள், செக்கிங் மேசையில் பிடிக்கிற மாதிரி.

மஞ்சள் கட்டங்களுக்கு நடுவே கோடு நேராக ஓடியது. அவள் அதன் மேல் விரலை வைத்து, பள்ளம் வரைக்கும் மெதுவாக இழுத்துக்கொண்டே போனாள். வலித்தது. இந்தத் தடவை பக்கத்து வீட்டில் யாருக்கோ இல்லை, அவளுக்கே வலித்தது.

"பாத்தேன்," என்றாள் காலிக் கட்டிலிடம். "மொத ரோல்லயே பாத்தேங்க."